திரையின் மூலை

படம் தெளிவாகத்தான் இருந்தது. பனிமலைக் காவல்சாவடியிலிருந்து வந்த வீடியோ அழைப்பில், பனியில் உறைந்த அந்தச் சிப்பாயின் கால் துளியும் அசையாமல் என் முன்னால் நின்றது. நான்தான் திரையின் மூலையில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணுக்குக் கீழே எப்போது இவ்வளவு கருமை படிந்தது என்று.

ராணுவ மருத்துவமனையின் அறுவை நிபுணர் மேஜர் செண்பகவல்லி இப்படித் தனக்குள் சொல்லிக்கொண்டாளே தவிர, இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று அவள் கவனிக்காமல் விட்டது, பெருவிரலோரம் ரத்தம் கோத்திருந்த ஒரு கொப்புளம்; பனிக்கடி ஆழமாக இறங்கிவிட்டதன் அடையாளம். "ஹெலிகாப்டரில் கீழே கொண்டுவர வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டாள். பிறகு சிப்பாய் மாசிலாமணிக்கு மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

இன்று அதே திரையில், அடிவார மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவன் சிரித்தான்.

"பூட்ஸுக்குள்ள இப்ப தாராளமா இடம் இருக்கு மேடம். விசாரணைன்னு வந்து கேட்டாங்க. பனியில லைன் சரியில்ல, மேடத்துக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுன்னு சொல்லிட்டேன். நீங்களும் அப்படியே எழுதிக் குடுத்துருங்க. ஊர்ல அம்மாகிட்ட உங்க போட்டோவக் காட்டி, என் காலக் காப்பாத்துன டாக்டர்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க மாட்டிக்கக் கூடாது."

விரல்கள் போன காலைக்கூட அவளால் பார்க்க முடிந்தது. அந்த நன்றியைத்தான் பார்க்க முடியவில்லை.

"அப்படி எழுத மாட்டேன், மாசிலாமணி" என்றாள் மெதுவாக.

"ஏன் மேடம்?"

"கட்டைப் பிரிக்கச் சொல்லுங்க. காலை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு வாங்க."