விரல் பட்டதை வாய் சொல்ல வேண்டும்

பார்வையற்றோர் சங்கத்து வாசற்படி மேல் ஆணை. இதில் ஒரு புள்ளி கூட்டவில்லை, ஒரு புள்ளி குறைக்கவில்லை. நடந்தது நடந்தபடி.

அவள் விரல் வரியின் நடுவில் நின்றுவிடப் பார்த்தது.

நிற்கக் கூடாது. நின்றால் மிஷின் போய்விடும்.

அது அவள் முன்னால் மேசைமேல் இருந்தது. சாப்பாட்டு டப்பா அளவுதான். அதன் முதுகில் ஒரே ஒரு வரிக்கு இடம். மெமரி கார்டில் இருக்கிற புத்தகம் ஊசிமுனைப் புள்ளிகளாக எழும்பிப் பிரெயில் எழுத்தாகும். பொத்தானை அழுத்தினால் புள்ளிகள் படுத்துக்கொள்ளும். அடுத்த வரி எழும்பும்.

சங்கத்துக்கு நன்கொடையாக வந்தது ஒன்றுதான். ஆளுக்கு ஒரு வாரம் வைத்திருந்து அபிப்பிராயம் சொன்னார்கள். கோழிக்குஞ்சின் நெஞ்சைத் தொட்ட மாதிரி இருக்கிறது என்றார் சங்கத்தின் மூத்த உறுப்பினர் சவரிமுத்து. அவள் அதை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அமிர்தவல்லி டீச்சர். பத்தாம் வகுப்புக்கு வரலாறு.

தலையணை தடிமனுக்குப் பிரெயில் புத்தகங்கள். தினமும் ஆட்டோவில் ஏற்றி இறக்க வேண்டும். "சிரமப்படுறீங்க டீச்சர். அடுத்த வருஷம் பத்தாவது வேண்டாமே" என்று தலைமையாசிரியர் இதமாகச் சொல்லியிருந்தார்.

மிஷின் இருந்த வாரத்தில் அவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஒன்றும் சொல்லாமல் போனார்.

மிஷினைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் ஆட்டோவில் மறுபடி மூட்டை ஏறியது.

மிஷின் ஒன்று, கேட்டவர்கள் பலர். அதனால்தான் போட்டி. நன்றாக வாசிப்பவருக்கு மிஷின் சொந்தம்.

அவள் விரலும் லேசுப்பட்டதல்ல. சந்தையில் ஒரு பாகற்காயைத் தடவிப் பார்த்து, இரண்டாம் வரியில் எழுத்துப்பிழை இருக்கிறதென்று திருப்பிக் கொடுத்திருக்கிறாள். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறு காய் கொடுத்தார்.

ஆனால் சவரிமுத்து முதலில் வாசித்து முடித்திருந்தார். பிழையே இல்லை. அவர் வேகத்துக்கு, மேலே ஓடிய மின்விசிறி பின்தங்கிப்போனது.

"விரல் மக்கர் பண்ணுச்சுன்னா சொல்லுங்க டீச்சர். பையில தேங்காய் எண்ணெய் இருக்கு" என்று சீண்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

முன்வரிசையில் செயலாளர் துரைசிங்கம். சங்கத்தில் கண் தெரிந்த ஒரே ஆள். எதைப் பேசுவதற்கு முன்னும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொள்வார். அன்று காலையிலும் மாடிப்படியில் நின்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டுதான் போனில் பேசினார். சுவருக்கு அந்தப் பக்கம் அமிர்தவல்லி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

வாசிக்கக் கொடுத்தது வாழை சாகுபடி.

"கன்று நடும் குழி"

பொத்தான்.

"ஒன்றரை அடி ஆழம்"

பொத்தான்.

"வெட்டிய பிறகு"

கட்டைவிரல் பொத்தான்மேல் நின்றது.

"மச்சான், கவலைப்படாதே"

எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

நடுவர் மடியில் அதே பாடம் பிரெயில் தாளில் இருந்தது. அவரும் கூடவே தடவிக்கொண்டு வந்தார். அவர் தாளில் மச்சான் இல்லை.

விரல் பட்டதை வாய் சொல்ல வேண்டும். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் விதி. பிழை வந்தால் பிழையோடு. வசவு வந்தால் வசவோடு. திருத்தி வாசித்தவர்கள் தோற்றிருக்கிறார்கள்.



"ஜெயிக்கிறவங்களுக்கு"

"போட்டோ மட்டும்தான்"

"அப்புறம் சர்வீஸுக்குன்னு"

"திருப்பி வாங்கி"

"உன் கடைக்கு அனுப்பிடுறேன்"



"ப்ளூடூத்து" என்றார் சவரிமுத்து மெதுவாக. "பக்கத்துல இருக்கிற போனை மிஷின் புடிச்சிருச்சு. யாருக்கோ வந்த மெசேஜ் டீச்சர் விரல்ல ஓடுது."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலேயே தலை நரைத்தவர். எந்த இணைப்பு எங்கே போய் மாட்டும் என்று அவருக்குத் தெரியாதா. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

யாருடைய போன் என்று யாரும் கேட்கவில்லை.

முன்வரிசையில் ஒரு சட்டைப்பை சரசரத்தது.

பிறகு ஒரு சின்ன இசை. போனை அணைக்கும்போது அது போடுகிற இசை.

மண்டபத்தில் இருந்த அத்தனை முகமும் அந்தப் பக்கம் திரும்பியது.

அவள் முகம் மட்டும் திரும்பவில்லை.

பொத்தான்.

"தொழுவுரம் இட்டு"

பொத்தான்.

"ஒரு வாரம் ஆறவிடவும்"

குலை தள்ளும் வரை நிற்காமல் வாசித்து முடித்தாள்.

நடுவர் தாளை மடித்தார். சவரிமுத்து வாழையை மட்டும் வாசித்தார் என்றும், டீச்சர் வாழையையும் மச்சானையும் ஒரே மூச்சில் வாசித்தார் என்றும் தீர்ப்புச் சொன்னார்.

துரைசிங்கம் மிஷினை எடுத்து அவள் கையில் வைத்தார். அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"போட்டோ..." என்று இழுத்தார் போட்டோகிராபர்.

"அதைச் செயலாளருக்கே எடுங்க" என்றார் சவரிமுத்து. பிறகு அவள் பக்கம் சாய்ந்தார். "நான் வாசிச்சப்ப வாழை மட்டும்தானே வந்துச்சு டீச்சர். எல்லாம் என் நேரம்."

அவள் முந்தானையால் புள்ளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மிஷினில் ப்ளூடூத் கிடையாது.