மஞ்சுக்குள் நாலு குரல்

"மேடையில மூணு ஸ்தானார்த்திதான். பேப்பர்ல பேரு வந்தவங்களுக்கு மட்டும்தான் மைக்கு!"

வாயனசாலை என்கிற எங்கள் படிப்பகத்தின் செக்ரட்டரி ரத்தினசாமி அண்ணாச்சி கறாராகச் சொல்லிவிட்டார். எதிரே நனைந்துபோய் நின்றவர் நாலாவது வேட்பாளர். சுயேச்சை. எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துத் தையல்காரர் மத்தியாஸ். கழுத்தில் அளவு நாடா, சட்டைப் பையில் அவரே வெட்டித் தைத்த குடைச் சின்னம்.

மத்தியாஸ் வாயைத் திறந்தார்.

"நீரு ஒண்ணும் சொல்ல வேண்டாம். உம்ம பேரு எந்தப் பேப்பர்ல வந்திருக்கு?"

மறுபடி திறந்தார்.

"வரலைல்லா? அப்ப கீழ போயி உக்காந்து கேளும்."

இன்னொரு தடவை திறப்பதற்குள் அண்ணாச்சி முதுகைக் காட்டிவிட்டார். மத்தியாஸ் மஞ்சுக்குள் இறங்கி நடந்தார். அன்றைக்குப் பார்த்து அப்படி ஒரு மஞ்சு, மலையே தெரியாத பனிமூட்டம். கொஞ்சம் நகர்ந்ததுமே ஆளைக் காணோம்.

"பேப்பர்ல பேரு வராதவனுக்கு ஊட்டுல சோறும் கிடையாது!" என்றேன், அண்ணாச்சி குரலிலேயே. பெஞ்சு தூக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஏலே சுடலை! நாக்கை அறுத்துருவேன்."

தோட்டத்தில் நான் எடுக்காத குரல் கிடையாது. தோட்டத்தில் வேலை வாங்குகிற கண்டக்டர் குரலில் ஆட்களுக்கு லீவு விட்டிருக்கிறேன். சாமியார் குரலில் பாவமன்னிப்புகூடக் கொடுத்திருக்கிறேன்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. தொழிலாளர் வீட்டு வரிசையான ஒவ்வொரு லயத்திலும் மரத்தில் ஸ்பீக்கர் குழாய் கட்டி, வராதவர்களுக்கும் கேட்கிற மாதிரி ஏற்பாடு. அப்போதுதான் ஆள் ஓடி வந்தான். கம்பம்மெட்டு வளைவில் மஞ்சு. வேட்பாளர்கள் வருகிற மூணு ஜீப்பும் அங்கேயே நிற்கிறது. யாரும் வரப்போவதில்லை.

அண்ணாச்சி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி சுடலை... அந்த மூணு பேரு குரலும் உனக்கு வரும்லா?"

"சந்தையில ஜீப்பு பின்னாடியே ஓடிக் கேட்டிருக்கேனே. எதுக்கு அண்ணாச்சி?"

"மேடையில கட்டின வேட்டி மறைப்புக்குப் பின்னாடி உக்காந்துக்கோ. மஞ்சுல மேடை தெரியாது. குரல் கேட்டாப் போதும்லே, ஆளு எதுக்கு?"

எனக்குக் குஷி தாங்கவில்லை.

முதல் ஆள் கர்ஜித்தார். இரண்டாம் ஆள், "என்ட பொன்னு நாட்டுகாரே" என்று மலையாளத்தில் ஊர்க்காரர்களைக் கொஞ்சினார். மூணாவது ஆள் இருமி இருமி இரண்டு பேரையும் திட்டினார். ரோடு தருகிறேன் என்றார்கள், லைட் தருகிறேன் என்றார்கள். மஞ்சுக்குள்ளிருந்து கைதட்டல் வந்தது. தட்டிய கை ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

போகப் போக எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தர் பேசும்போது மற்ற இரண்டு பேரும் என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. பள்ளத்தாக்கு ஒவ்வொரு குரலையும் வாங்கி, கொஞ்சம் தாமதித்துத் திருப்பித் தந்தது.

மூணாவது ஆள் முடித்தார். குழாய் கொஞ்ச நேரம் கரகரவென்று இரைந்தது.

அப்புறம் நாலாவது குரல் வந்தது. ரொம்ப மெல்லிசாக.

"நான் தையக்கார மத்தியாஸு பேசுதேன். ஓட்டுக் கேக்கலை. ஆறாம் லயத்துல என் தையல் மெஷினு தானா நகருது. ராத்திரி சுவரு ஓரமா வச்சா விடியும்போது வாசப்பக்கம் வந்து நிக்கி. முதல்ல பேயின்னுதான் நினைச்சேன். ஒரு கோலிக்குண்டைத் தரையில விட்டேன். அது நிக்காம வாசலுக்கு ஓடுது. பேயி இல்ல. தரை சாயுது. மலை நம்ம முதுகுல கை வச்சுத் தள்ளுது. புள்ளைங்களைத் தூக்கிட்டு இப்பவே இறங்கிருங்க."

யாரும் கைதட்டவில்லை.

மஞ்சுக்குள்ளிருந்து ஒரு பெண் அலறினாள். ஆறாம் லயத்துச் செபமாலையம்மாள்.

"ஐயோ, எங்க ஊட்டுல தண்ணிக்குடம் நகருதே! வெளிய சொன்னா எம் மகளைப் பேய் புடிச்சவளுன்னு சொல்லி எவனும் கட்ட மாட்டான்னு வாயை மூடிட்டு ஜெபம் பண்ணிட்டிருந்தேனே!"

"எங்க ஊட்டுலயும்!" என்றது இன்னொரு குரல். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு வீடும் தன் பேயைத் தனித்தனியாக ஒளித்து வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. பெஞ்சுகள் சரிந்தன. கூட்டம் லயத்தைப் பார்த்து ஓடியது.

இருட்டுவதற்குள் ஆறாம் லயம் காலி. பிள்ளைகள், கோழிகள், பாத்திரங்கள் எல்லாம் மாதா கோயிலுக்குள்.

விடிகிற நேரத்தில் மலை இறங்கியது.

காலையில் போய்ப் பார்த்தோம். லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண். குழாய் கட்டிய மரத்தின் நுனி மட்டும் தெரிந்தது. ஒரு உயிர் போகவில்லை. தூரத்தில் மத்தியாஸ் மண்ணைக் கிளறி மெஷினைத் தேடிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி என் தோளில் கை போட்டார்.

"அத்தனை உசுரையும் காப்பாத்திட்டியேலே. பேப்பர்க்காரன் வந்திருக்கான், உன் பேரைச் சொல்லியிருக்கேன். அந்த மூணு பேரும் அப்படியே அச்சு!" கொஞ்சம் குனிந்து, "ஆனா அந்த மத்தியாஸ் குரல்தான்லே கொஞ்சமும் சேரலை. அவரு அப்படியா பேசுவாரு?"

"பின்ன எப்படிப் பேசுவாரு அண்ணாச்சி?"

அண்ணாச்சி சொல்ல வாயைத் திறந்தார். யோசித்தார். மூடிக்கொண்டார்.

"அந்தக் குரல் நான் பண்ணினது இல்ல அண்ணாச்சி," என்றேன், என் சொந்தக் குரலில். "மறைப்புக்குப் பின்னாடி நனைஞ்சுக்கிட்டு நின்னாரு. நான் மைக்கை மட்டும்தான் நீட்டினேன்."