நேரில் ஒரு முறை

"எழுந்திருங்க! பிள்ளை மடியில உட்கார்ந்திருக்கீங்க!"

அம்மா போட்ட சத்தத்தில் அப்பா துள்ளி எழுந்து திரும்பிப் பார்த்தார். வெறும் நாற்காலிதான் இருந்தது.

"அதை மாட்டிக்கிட்டா உனக்குக் கண்ணு மண்ணு தெரியாதே!" முனகியபடி எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, சாப்பாட்டில் கை வைத்தார்.

இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கிற கண்ணாடிதான். மாட்டிக்கொண்டால், வராதவர்களும் வந்து பக்கத்தில் உட்கார்வார்கள். அப்பா மட்டும் அதைத் தொடுவதே இல்லை.

மகன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். கசங்காத நீலச் சட்டை, மழித்த முகம். வருடக்கணக்காக அதே சட்டை, அதே சிரிப்பு.

"நாளைக்கு எனக்கு ஆபரேஷன்டா. ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா. சின்ன ஆபரேஷன்தானே?"

"நெஞ்சைப் பிளக்கறது உனக்குச் சின்னதா?" அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஒரே ஒரு தடவை நேர்ல வந்து முகத்தைக் காட்டுடா."

"இதோ, பக்கத்துலதானே இருக்கேன்!"

"ஆபரேஷனுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டி வாங்கிடுவாங்கடா. அப்புறம் நீ எங்கே, நான் எங்கே?"

அம்மா அவன் கையைப் பிடிக்கப் போனாள். விரல்கள் மேசையில் போய் இடித்தன.

"வரணும்னுதான் இருக்கும்மா. நினைச்ச உடனே கிளம்பி வர்ற நிலைமையிலயா நான் இருக்கேன்?"

அம்மாவின் முகம் போன போக்கிலேயே அப்பாவுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"துரை வரமாட்டாராமா? நாளைக்கு நீ கண்ணை மூடினா, தூக்கவாவது வருவானான்னு கேளு!"

"வாயைக் கழுவுங்க! அவன் காதுல விழுந்துடப் போகுது!"

விழுந்துவிட்டது போலிருக்கிறது. அவள் திரும்புவதற்குள் மகன் மறைந்துவிட்டான்.

"என் முகத்தையாவது கடைசியா ஒரு தடவை பார்க்கணும்னு தோணலையே அவனுக்கு..."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தட்டில் சாப்பாடு போட்டு எடுத்துக்கொண்டு கூடத்தைத் தாண்டி நடந்தாள். கோடியில் இருந்த அறையின் சாத்திய கதவுக்கு முன்னால் அதைத் தரையில் வைத்தாள்.

"ஆறிடப்போகுதுடா, எடுத்துக்கோ" என்று கதவைத் தட்டிச் சொன்னவள், தான் அங்கே நின்றால் மகன் கதவைத் திறக்கமாட்டான் என்பதால், பேசாமல் சமையலறைக்குத் திரும்பினாள்.