நரம்புக்கு வைத்த சூடு

கட்டிலில் படுத்தவர் மனைவியின் கையை விடவில்லை. இரண்டு வருடமாக மாடிப்படி ஒவ்வொன்றிலும் முனகியவர், சிகிச்சை அறைக்கு வந்ததும், "வலி இப்ப பரவாயில்ல, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

"கத்தியே இல்லைங்க. மரத்துப்போக ஊசி போட்டு, முட்டி வலியைச் சொல்ற நரம்புக்கு மட்டும் சூடு வைப்பாங்க. தேய்மானம் அப்படியேதான் இருக்கும், வலி குறையும்" என்றார் மனைவி.

"கால் விளங்காம போயிட்டா?"

"நடக்க வைக்கிற நரம்பு வேற. அதைத் தொடமாட்டாங்க."

"எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுறியே. யார் சொன்னா உனக்கு?"

"நீங்கதான். போன வருஷம் இதே கட்டில்ல என்னைப் படுக்க வச்சு, கையில ஊசியோட."

பக்கத்தில் நின்ற ஜூனியர் டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆரம்பிக்கலாமா சார்?" என்றார்.

அதுவரை முந்நூறு முட்டிகளுக்குச் சூடு வைத்திருந்த பெரிய டாக்டர், கண்ணை இறுக மூடிக்கொண்டு காலை நீட்டினார்.