டேப் ஒட்டிய திரை

பகல் பதினொரு மணிக்கும் எட்மண்டன் வீட்டு முன்னறையில் மின்விளக்கு எரிகிறது. யன்னலில் தொங்கும் கறுப்புத் திரையின் ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருக்கிறது. கோயிலில் பழக்கமான இன்சூரன்ஸ் முகவர் சிறிரஞ்சன், மடியிலுள்ள படிவத்தைப் பேனாவால் தட்டுகிறார். "பரம்பரை வருத்தம், நோய் ஏதும் இருக்கோ, அக்கா? மறைச்சால் பிறகு கிளெயிம் வராது." தவமலர் மகளைப் பார்க்காமல் தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்துகிறாள். "சீ, இல்லைத் தம்பி. பிள்ளைக்கு வெளிச்சம் கூசும், அவ்வளவுதான்." இவருக்குத் தெரிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும், பிறகு யார் பெண் கேட்டு வருவார்கள்? சோபா மூலையில் பத்தொன்பது வயது ஜதுர்ஷிகா கையுறையின் விரல்களை இழுத்து இழுத்து விடுகிறாள். வெயில் பட்டால் எவருடைய டிஎன்ஏயும் சேதப்படும். உடல் அதைத் தானே திருத்திக்கொள்ளும். பெற்றோர் வழியாக வந்த குறையால் இவளுடைய உடலால் அது முடியாது. மூக்கருகே கட்டி வெட்டிய தழும்பைப் பவுடர் பாதிதான் மறைத்திருக்கிறது.

"அப்ப இல்லை எண்டு போடுறன்." சிறிரஞ்சன் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிகிறார். எழுத்துப் பொடியாக இருக்கிறது. "ஒருக்கா திரையை விலத்துவம்" என்று எழும்பி, கேட்காமலே இழுக்கிறார். டேப் கிழிகிறது. தரைவிரிப்பில் ஒரு விரல் அகலத்துக்கு விழுந்த வெயில், ஜதுர்ஷிகாவின் வெறுங்காலை நோக்கி அகலுகிறது. கோப்பை உருள்கிறது. தவமலர் மகளின்மேல் குப்புற விழுந்து முதுகால் வெயிலை மறைக்கிறாள். "மூடுங்கோ தம்பி, மூடுங்கோ!" அவளுக்கு அடியிலிருந்து மகளின் குரல் நிதானமாக வருகிறது.

"ஓம் எண்டு போடுங்கோ, மாமா."