மூன்று கிலோ

“முதுகை நிமிர்த்து. குச்சி மாதிரி எலும்பை வெச்சுக்கிட்டு அவசரம் வேற.”

மனைவிக்கு எலும்புத் தேய்மானம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. தினமும் காலையில் அவள் எடை தூக்குவாள். ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டரான அவர் நாற்காலியில் சாய்ந்தபடி எண்ணுவார். அரைக் கிலோவில் ஆரம்பித்தவள் ஆறு மாதத்தில் மூன்று கிலோவைத் தொட்டுவிட்டாள்.

வாரம் ஒருமுறை வரும் பயிற்சியாளர் பெண் கேட்டாள்: “அம்மா முதல் நாளே மூணு கிலோ தூக்கினாப் போதும்னு சொல்லிட்டாங்க. அது என்ன கணக்கு சார்?”

“அடுத்த மாசம் பேரன் பிறக்கப்போறான். அவனைத் தூக்கத்தான்” என்று சிரித்தார். “என் தோளைப் பிடிக்காம மூணு மாடி இறங்க வக்கில்லை. இதுல பேரனைத் தூக்கணுமாம்.”

மனைவி மூன்று கிலோவை இன்னொரு முறை தூக்கி இறக்கினாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து எதிரே வைத்தாள்.

“இன்னிக்குப் பெட்டியா? உள்ள என்ன?”

“துணி நாலு, கண்ணாடி, மாத்திரை. நாற்பத்தோரு வருஷத்துல என்னோடதுன்னு இந்த வீட்டுல இருக்கறது அவ்வளவுதான். பயிற்சி ஆரம்பிச்ச அன்னிக்கே பெட்டியோட எடை போட்டுப் பார்த்தேன். மூணு கிலோ. தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இனிமே அங்கதான்.”

முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, சொல்லிக்கொடுத்தபடியே தூக்கினாள்.

அவர் நாக்கு பழக்கதோஷத்தில் “ஒண்ணு” என்றது.

“ரெண்டு” சொல்வதற்கு அவள் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை.