பொது அறையில் ஒரு மன்னிப்பு

குறுக்கெழுத்து அரட்டைக் குழுவில், அதன் நிர்வாகியான பெண் போட்ட புதிரை "சுத்தக் குப்பை" என்று எல்லோர் முன்னாலும் எழுதிவிட்டார் லிஃப்ட் மெக்கானிக். மூன்று நாளாக அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மனசு தாளவில்லை, நேரில் மன்னிப்புக் கேட்கவோ ரோஷம் விடவில்லை. குழுவில் நிர்வாகிக்கென்று இருந்த "தனியாக அனுப்பு" என்ற பொத்தானை அழுத்தி, "புத்தி கெட்டுப்போய் எழுதிட்டேன். உன் புதிர் பிரமாதம். பேசு தாயே" என்று அனுப்பினார்.

உடனே குழுவிலிருக்கும் நண்பன் ஃபோன் செய்தான்.

"டேய், முந்நூறு பேர் முன்னாடி இப்படிச் சாஷ்டாங்கமா விழுந்துட்டியேடா!"

"ஐயையோ! தனியாத்தானடா அனுப்பினேன்!"

"பொதுவுலதான் வந்திருக்கு. ஆளாளுக்குக் கைதட்டுறாங்க."

"அழிக்கவும் முடியலையே! நேத்து வரைக்கும் அந்தப் பொத்தான் ஒழுங்காத்தானே இருந்துச்சு? என் மானமே கப்பலேறிடுச்சு!"

"அது கிடக்கட்டும். பதில் வந்துச்சா?"

"இல்லடா" என்று மெக்கானிக் திரையையே வெறித்தார்.

பதில் சமையலறையிலிருந்து வந்தது.

"பொத்தான் மேல பழி போடாதீங்க. காலையில அதைப் பொதுவுக்குத் திருப்பி விட்டதே நான்தான். ஊரறியத் திட்டிட்டு, பெண்டாட்டிகிட்ட ரகசியமா மன்னிப்பா? வாங்க, சாப்பாடு ஆறுது!"